மோவாபுக்கும் சான் வான் மலைக்கும் டிரக்கோடு கிளம்புகிறவர்களுக்கு: எந்த டிரெயில் உங்களுக்கானது?

புதிதாக டொயோட்டா டகோமா டிரக்கோ ஜீப் ராங்ளரோ வாங்கியவர்கள் டிரெயில், அதாவது தார் போடாத கரடுமுரடான பாதை, தேடுவதைப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாம் தலைகீழாகத்தான் நடக்கிறது. முதலில் ஒரு வீடியோ. அதில் யாரோ செங்குத்துப் பாறையில் ஏறுவார். உடனே லீவு போட்டு, மோவாபில் ரூம் பிடித்து, நாலு குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் "ஆமா, நம்ம வண்டி இதுல போகுமா?" என்ற கேள்வி வரும். அந்தக் கட்டத்தில் பதில் என்னவாக இருந்தாலும் கிளம்பித்தான் தீருவார்கள்.

வரிசையை மாற்றிப் போட்டாலே பாதிச் சிக்கல் வராது. முதலில் வண்டி, அடுத்து ஓட்டுகிற நீங்கள், அடுத்து கூட வருகிறவர்கள், அதற்கப்புறம்தான் டிரெயில். முதல் மூன்றில் எது பலவீனமோ அதை வைத்துத்தான் நான்காவதை முடிவு செய்ய வேண்டும். வண்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஓட்டுகிறவர் புதியவர் என்றால் அது புதியவருக்கான டிரெயில்தான்.

உதாரணங்களை யூட்டாவின் மோவாபிலிருந்தும், கொலராடோவில் யூரே, சில்வர்டன், லேக் சிட்டி சுற்றியுள்ள சான் வான் மலைகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். வேறு ஊருக்குப் போனாலும் முறை இதேதான்.

1. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள்

பிரோஷரில் போட்டிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) காலி வண்டிக்கானது. நாலு பேர், கூலர், கூடாரம், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கிவிடும். அதனால் பயணத்துக்கு ஏற்றுவது போல ஏற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

மிகத் தாழ்வான இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிக்கப் டிரக்குகளில் பெரும்பாலும் அது பின் டிஃப்ரென்ஷியலின் (பின் சக்கரங்களுக்கு நடுவே சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) உருண்டை. அது நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கிறதா என்று பார்த்து மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாறையை எந்தச் சக்கரத்துக்கு உள்பக்கமாக விடுவது என்பதை அதுதான் சொல்லும். சஸ்பென்ஷனை உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்டால் உடம்பு உயரும், ஆனால் டிஃப்ரென்ஷியல் அதே இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான்: டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் டிஃப்ரென்ஷியல் 1 அங்குலம் உயரும், அவ்வளவே. மூன்று அங்குல லிஃப்ட் போட்டவர் "மூணு இஞ்ச் ஏறிட்டேன்" என்று நம்பிக்கொண்டு போய்ப் பாறையில் உட்காருவது அடிக்கடி பார்க்கிற காட்சி.

அடுத்து முன், பின், நடு மூன்றையும் பாருங்கள். முன்னால் பம்பரின் கீழ் உதடு, பின்னால் டிரெய்லர் இழுக்கிற ஹிட்ச், நடுவில் ஏறி இறங்கப் போட்டிருக்கும் பக்கப்படி. டீலர் இலவசமாக மாட்டிக் கொடுத்த அந்தப் பக்கப்படிதான் பெரும்பாலான டிரக்குகளில் முதலில் நசுங்குகிறது. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். பாறையில் மோதி வளைந்தால் கதவு திறக்காமல் போகிற அளவுக்குக்கூடப் போகும்.

வீல்பேஸ்தான் புதியவர்கள் கவனிக்காமல் விடுகிற எண். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவே உள்ள நீளம் அது. இரண்டு கதவு ராங்ளரில் 96.8 அங்குலம், நாலு கதவில் 118.4, மூன்றாம் தலைமுறை டகோமா டபுள் கேபில் பின்னால் சாமான் வைக்கும் பெட் சின்னது என்றால் 127.4, பெரிய பெட் என்றால் 140.6. ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ ஏறத்தாழ 145. நீளம் கூடக் கூட, மேடான இடத்தைத் தாண்டும்போது வயிறு தட்டும்.

எவ்வளவு தட்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். நடுப்பகுதிக் கிளியரன்ஸை இரண்டால் பெருக்கி, வீல்பேஸால் வகுத்து, வருவதற்கு போன் கால்குலேட்டரில் தலைகீழ் டேஞ்சன்ட் பார்த்து, அதை இரண்டால் பெருக்குங்கள். நடுவில் 10 அங்குலம் இருக்கும் சின்ன பெட் டகோமாவுக்கு 18 டிகிரி வரும். 9.4 அங்குலமும் 145 வீல்பேஸும் என்றால் 15 டிகிரிகூட வராது. 10.8 அங்குலமுள்ள இரண்டு கதவு ராங்ளருக்கு 25. ஒரே பாறை மேட்டில் ஜீப் தாண்டிப் போய்விட, பின்னாலேயே வந்த பெரிய டிரக் நடுவில் தொங்கி நிற்பதற்குக் காரணம் இந்த 10 டிகிரி. ஓட்டுகிறவரின் தைரியம் இதில் எதையும் மாற்றாது.

கடைசியாக லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற கியர். மேனுவலில் டிரான்ஸ்ஃபர் கேஸின் (நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்து, லோ ரேஞ்சுக்கு மாற்றுகிற பெட்டி) விகிதத்தைப் பாருங்கள். ராங்ளரின் ரூபிகான் மாடலில் 4-க்கு 1, மற்ற ராங்ளர்களில் பொதுவாக 2.72, மூன்றாம் தலைமுறை டகோமாவில் 2.57. முதல் கியர், லோ ரேஞ்ச், ஆக்சில் மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் ஆட்டோமேட்டிக் டகோமாவுக்கு 36 வரும், 4.10 ஆக்சிலோடு ஆட்டோமேட்டிக் ரூபிகானுக்கு 77. இந்த எண் பெரிதாக இருந்தால் வண்டி பிரேக் தொடாமலேயே நடை வேகத்தில் இறங்கும். சிறிதாக இருந்தால் செங்குத்து இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு நீளமான இறக்கம் உள்ள டிரெயில் வேண்டாம்.

லோ ரேஞ்சே இல்லாத ஆல் வீல் டிரைவ் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மோவாபுக்குப் பக்கத்திலுள்ள கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஃபோர் வீல் டிரைவ் பாதைகளுக்கு என்று தனி வரையறையே இருக்கிறது: குறைந்தது 15 அங்குல ரிம், குறைந்தது 8 அங்குலக் கிளியரன்ஸ், லோ ரேஞ்ச் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ். சுபாரு ஃபாரஸ்டருக்கு கிளியரன்ஸ் 8.7 அங்குலம் இருக்கும், லோ ரேஞ்ச் இருக்காது. ஆகவே அந்தப் பாதைகளில் அதற்கு அனுமதியில்லை.

2. டயரும் கொக்கியும் சரியில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்

டயரின் பக்கச்சுவர்தான் பாறையில் கிழிகிற இடம். புது வண்டியோடு வருகிற ஹைவே டயரில் அது மெல்லிசாக இருக்கும். அதோடு போகலாம், ஆனால் கூர்மையான கல் நிறைந்த டிரெயில்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்பேர் டயர் மற்ற நாலைப் போலவே முழு அளவில் இருக்க வேண்டும். அதில் காற்று இருக்கிறதா என்று யாருமே பார்ப்பதில்லை. பெட்டுக்கு அடியில் தொங்குவதால் மறந்துபோகிறது.

காற்றைக் குறைத்து ஓட்டுவது கட்டாயம். 35 பிஎஸ்ஐயில் வந்த டயரை 20 பக்கம் இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும், குலுக்கலும் பாதியாகும். 15-க்குக் கீழே போனால் சாதாரண ரிம்மிலிருந்து டயர் கழன்று வர வாய்ப்புண்டு, அங்கே போக வேண்டாம். திரும்ப அடிக்க கம்ப்ரஸர் இல்லாதவர்கள் காற்றை இறக்கத் தயங்குவார்கள், தயங்கினால் டயர் வழுக்கும், வழுக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். உடைப்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு கம்ப்ரஸர் வாங்கிவிடுங்கள்.

இழுத்து மீட்பதற்கான கொக்கி முன்னும் பின்னும் எங்கே என்று மேனுவலில் பார்த்து வையுங்கள். டிரெய்லர் மாட்டுகிற குண்டில் ஸ்ட்ராப்பை மாட்டி இழுப்பது உயிருக்கே ஆபத்து: குண்டு பிய்த்துக்கொண்டு வந்தால் பின்னால் நிற்கிற வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும். ஹிட்ச் ரிசீவரில் செருகுகிற, ஸ்ட்ராப் மாட்ட வளையம் உள்ள ஷேக்கிள் மவுன்ட் ஒன்று வாங்கினால் பின்பக்கப் பிரச்சினை தீர்ந்தது.

3. உங்கள் கையைச் சோதியுங்கள், வீட்டுப் பக்கத்திலேயே

"எனக்கு இருபது வருஷ டிரைவிங் அனுபவம்" என்பது இங்கே அவ்வளவாகச் செல்லாது. ஹைவேயில் பழகிய கை வேறு, மணிக்கு 3 மைலில் பழகுகிற கால் வேறு. காலி பார்க்கிங் லாட்டில் சில விஷயங்களைச் செய்து பாருங்கள்.

ஒரு பேப்பர் தட்டைத் தரையில் வைத்து, வலது முன் சக்கரம் அதன்மேல் ஏறி நிற்கும்படி ஓட்டுங்கள். முதலில் எல்லாரும் ஒரு அடி தள்ளித்தான் நிறுத்துவார்கள், அதுவும் வழக்கமாக உள்பக்கம். அப்புறம் அதே தட்டு, ஆனால் பின் சக்கரம். முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, திருப்பத்தில் உள்பக்கமாக வெட்டும் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரியும். பாறையில் முன் சக்கரத்தைச் சரியாக வைத்துவிட்டுப் பின் சக்கரத்தைக் கோட்டை விடுகிறவர்களே அதிகம்.

அடுத்து, கண்ணாடியை மட்டும் பார்த்து 100 அடி நேராகப் பின்னால் வாருங்கள், கேமரா வேண்டாம். மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் இதைச் செய்துதான் ஆக வேண்டும். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது பொது வழக்கம், அப்படியென்றால் இறங்குகிற நீங்கள் ஏற்றத்தில் பின்னோக்கிப் போக வேண்டிவரும். பக்கத்தில் ஆயிரம் அடிப் பள்ளம் இருக்கும்போது அதை முதன்முதலாகக் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றாவது, ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, உருளாமல் மறுபடி கிளப்புவது. ஏற முடியாமல் நின்றுபோனால் ரிவர்ஸ் போட்டு நேராகப் பின்னால் இறங்க வேண்டும், குறுக்கே திருப்பப் பார்க்கக் கூடாது. வண்டி கவிழ்ந்து உருளுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பேப்பர் தட்டில் நிற்கிறது, ரிவர்ஸ் வருகிறது, ஏற்றத்தில் கிளப்ப முடிகிறது என்றால் எளிய டிரெயிலுக்கு நீங்கள் தயார். இறங்கி நின்று சைகை காட்டுகிறவரின் கையை மட்டும் பார்த்து, உங்கள் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிற பக்கம்கூட ஸ்டீயரிங்கைத் திருப்ப முடிகிறதா? அப்போது நடுத்தர டிரெயிலைப் பற்றி யோசிக்கலாம்.

4. கூட யார் வருகிறார்கள்?

ஒற்றை வண்டியாகப் போனால், உங்களால் முடியும் என்று நினைக்கிற நிலைக்கு ஒரு படி கீழே எடுங்கள். இழுக்க இன்னொரு வண்டி இல்லையென்றால் சின்னத் தவறுகூட ஒரு நாளைத் தின்றுவிடும். சாதாரண ரோட்சைடு உதவிக்காரர்கள் தார்ச்சாலை முடிந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள், டிரெயிலுக்குள் வந்து இழுக்கிற தனியார் ஆட்களுக்கு ஆகிற செலவு கண்ணைக் கட்டும்.

பல வண்டிகள் என்றால் குரூப்பிலேயே பலவீனமான வண்டிக்கும் ஓட்டுநருக்கும் ஏற்ற டிரெயில்தான். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

அப்புறம் பயணிகள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது இமோஜீன் பாஸுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கணவாயின் உச்சி 13,114 அடி. கடல் மட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அங்கே தலைவலியும் மூச்சுத் திணறலும் வருவது சாதாரணம், பக்கத்தில் பள்ளம் வேறு, குலுக்கல் வேறு, பாத்ரூமும் கிடையாது. லேக் சிட்டியிலோ யூரேயிலோ ஒரு இரவு தங்கி உடம்பு பழகட்டும், பிறகு எளிதான கணவாய்க்குப் பகலில் போய்வாருங்கள். உயரத்தைப் பார்த்தால் பயப்படுகிறவர் யாராவது இருந்தால், மலையை வெட்டி ஒரு வண்டி அகலத்துக்குப் போட்ட ஷெல்ஃப் ரோடுகளை விட்டுவிட்டு மோவாபின் கீழ்ப் பகுதிகளுக்குப் போகலாம். ஒருவர் பின் சீட்டில் அழுதுகொண்டிருந்தால் ஓட்டுகிறவரின் கவனம் சிதறும் என்பதும் ஒரு காரணம்.

5. டிரெயில் திறந்திருக்கிறதா என்பதை அதிகாரபூர்வ வரைபடத்தில் பாருங்கள்

ரேட்டிங், வீடியோ எல்லாவற்றுக்கும் முன்னால் இது. காட்டுத்துறை நிலம் என்றால் எம்.வி.யு.எம். என்கிற மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். எந்தப் பாதையில் எந்த வகை வண்டி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று அதில் இருக்கும். கடினம், எளிது என்பதெல்லாம் இருக்காது. மோவாபைச் சுற்றியுள்ள டிரெயில்கள் பெரும்பாலும் பி.எல்.எம். என்கிற மத்திய அரசின் நில நிர்வாகத் துறை நிலத்தில் வருகின்றன, அவர்களுடைய பயண வரைபடத்தைப் பாருங்கள்.

பழைய ஜிபிஎஸ் டிராக்கை நம்பாதீர்கள். 2023-இல் மோவாபுக்குப் பக்கத்தில் லாபிரின்த் கேன்யன், ஜெமினி பிரிட்ஜஸ் பகுதியில் 300 மைலுக்கு மேற்பட்ட பாதைகளை மோட்டார் வண்டிகளுக்கு மூடுவதாக பி.எல்.எம். அறிவித்தது. அதற்கு முன் பதிவான டிராக்குகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

சீசனும் இதில் சேர்ந்ததுதான். சான் வானின் உயர்ந்த கணவாய்கள் பனி அகற்றிய பிறகே திறக்கும். தாழ்வானவை ஜூன் வாக்கில், இமோஜீன், பிளாக் பேர் போன்றவை பெரும்பாலும் ஜூலைக்குப் பக்கத்தில் அல்லது அதற்கும் பின்னால். மே கடைசியில் வருகிற மெமோரியல் டே லீவுக்கு இமோஜீன் என்று திட்டம் போட்டால் பனிச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

கேன்யன்லேண்ட்ஸில் 100 மைல் வொயிட் ரிம் ரோடுக்கு ஒரு நாள் பயணம் என்றாலும் பெர்மிட் வேண்டும். வாடகை வண்டி எடுப்பவர்களுக்கு இன்னொன்று: விமான நிலையத்தில் எடுக்கிற சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் தார் இல்லாத சாலையையே தடுத்திருக்கும். மோவாபிலும் யூரேயிலும் டிரெயிலுக்கென்றே ஜீப் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் உண்டு, அவர்களும் எந்தெந்த டிரெயில் கூடாது என்று பட்டியல் வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். சொந்த வண்டிக்காரர்களுக்கும் அது நல்ல தகவல்.

6. ரேட்டிங்கை எப்படிப் படிப்பது

1 முதல் 10 வரை எண் போடுவார்கள், அல்லது எளிது, நடுத்தரம், கடினம் என்பார்கள். ஆன்எக்ஸ் ஆஃப்ரோட் போன்ற ஆப்களிலும் எண் இருக்கும். எல்லா 4-ம் ஒரே 4 இல்லை. ஒரு ஊர் கிளப்காரர்கள் தங்கள் வண்டிகளை, அதாவது 35 அங்குல டயரும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லாக்கரும் போட்ட வண்டிகளை மனசில் வைத்து எண் போட்டிருப்பார்கள். அதனால் ஒரே ஊரில், ஒரே இடம் கொடுத்த ரேட்டிங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். கொலராடோ எண்ணை யூட்டா எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

இன்னொரு குழப்பம், எண் எதைச் சொல்கிறது என்பது. சான் வானில் ஒரு பாதைக்கு நடுத்தரம் என்று போட்டிருந்தால் பல நேரம் தரை மோசமில்லை, குறுகல்தான் பிரச்சினை. மோவாபில் அதே நடுத்தரம் என்றால் பாறைப் படிகள். ஓஃபிர் பாஸ் தரையைப் பொறுத்தவரை எளிதுதான், 11,789 அடி, ஆனால் ஓஃபிர் ஊர்ப் பக்கம் உதிரிக் கற்சரிவை வெட்டிப் போட்ட ஒற்றைத் தடம். அங்கே எதிரே வண்டி வந்துவிட்டால் எளிது என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை. எஃப்-150-இன் உடம்பு அகலம் மட்டும் ஏறத்தாழ 80 அங்குலம் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே எண்ணைப் பார்த்ததும் கேளுங்கள்: கிளியரன்ஸுக்காகவா, அகலத்துக்காகவா, செங்குத்துக்காகவா, மண்ணுக்காகவா? உங்கள் வண்டியின் பலவீனம் எதுவோ அதோடு மோதாத டிரெயிலாக எடுங்கள். நீளமான டிரக்குக்கு அகலமான குண்டும் குழியுமான பாதை பரவாயில்லை, படிப்படியான பாறைதான் ஆகாது.

7. டிரெயிலின் மோசமான நூறு அடியைக் கண்டுபிடியுங்கள்

இருபது மைலில் பத்தொன்பதே முக்கால் மைல் சாதாரண மண்பாதையாக இருக்கும். உங்களை நிறுத்தப் போவது மிச்சமிருக்கிற கொஞ்சம்தான். அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் டிரெயில் தேர்வில் பெரிய வேலை, அதிக நேரம் இதற்கே போகட்டும்.

கண்டுபிடித்ததும் அந்த இடத்தைப் பற்றி நாலு கேள்விகள். பைபாஸ் இருக்கிறதா? அதற்கு முன் வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா? அது தொடக்கத்தில் வருகிறதா, முடிவிலா? எந்தத் திசையில் போனால் அது ஏற்றம், எந்தத் திசையில் இறக்கம்?

மோவாபின் ஹெல்ஸ் ரிவெஞ்சை எடுத்துக்கொள்வோம். வீடியோக்களில் வருகிற ஹெல்ஸ் கேட், எஸ்கலேட்டர் இரண்டும் கட்டாயமில்லை, விட்டுவிட்டுப் போகலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு சாரார் டிரெயிலையே ஒதுக்குகிறார்கள், இன்னொரு சாரார் அதுதான் வழி என்று நினைத்து உள்ளே இறங்குகிறார்கள். கட்டாயப் பகுதி என்னவென்றால் இருபுறமும் சரிகிற பாறை முதுகின்மேல், முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிய ஏறுவது. உங்கள் மனம் அதைத் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

பக்கத்திலேயே ஃபின்ஸ் அண்ட் திங்ஸ். கொஞ்சம் எளிது, ஆனால் செங்குத்தாக இறங்கி உடனே சமமாகிற இடங்கள் நிறைய. பின் ஹிட்ச் தாழ்வாக இருக்கும் டிரக்குகள் அங்கே பாறையில் கோடு போட்டுக்கொண்டே போகும். 1-ஆம் பகுதியில் நீங்கள் அளந்தது இங்கேதான் பயன்படுகிறது.

திசைக்கு நல்ல உதாரணம் 12,800 அடி எஞ்சினியர் பாஸ். லேக் சிட்டி பக்கமிருந்து வந்தால் சரியான கிளியரன்ஸ் உள்ள சாதாரண ஃபோர் வீல் டிரைவுக்குச் சுமாரான பாதை. யூரே பக்கம் ஹைவே 550-இலிருந்து நேராக ஏறினால் தொடக்கத்து மைல்களே பாறையும் குறுகலுமாக இருக்கும். பெயர் ஒன்றுதான், இரண்டும் வேறு வேறு டிரெயில் போல. "எஞ்சினியர் பாஸ் ஈஸி" என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கமிருந்து என்று கேளுங்கள்.

பிளாக் பேர் பாஸ் இதற்கு எதிர்முனை. உச்சி தாண்டி டெல்யூரைடு பக்கம் இறங்குவது ஒருவழிப் பாதை. மோசமான பாறைப் படிகளும் கொண்டைஊசி வளைவுகளும் அந்த இறக்கத்தில்தான் வருகின்றன, அதற்குள் திரும்ப முடியாத இடத்துக்கு வந்துவிட்டிருப்பீர்கள். நீளமான டிரக் அந்த வளைவுகளில் ஒரே மூச்சில் திரும்பாது. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று பள்ளத்தின் ஓரத்தில் நின்று திருப்ப வேண்டும். மோசமான இடம் கடைசியில், திரும்ப வழியில்லை, பைபாஸும் இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த டிரெயிலை முதல் சில வருஷம் மறந்துவிடுங்கள். வண்டி எதுவானாலும் சரி.

வீடியோவில் சரிவு எப்போதும் தட்டையாகத் தெரியும். அதனால் சரிவைப் பார்க்காதீர்கள், இறங்கி நிற்கிற மனிதரைப் பாருங்கள். பாறைப்படி அவர் முழங்கால் உயரமா, கணுக்கால் உயரமா? கணுக்கால் என்றால் எதையும் மாற்றாத ஸ்டாக் டிரக் போகும். முழங்காலுக்கு வந்தால் வேறு டிரெயில் பாருங்கள்.

8. மைலைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள்

டிரெயிலில் சராசரி வேகம் மணிக்கு 5 முதல் 10 மைல்தான். வொயிட் ரிம்மின் 100 மைலை ஒரே நாளில் முடிக்கிறவர்கள் விடியலில் தொடங்கி இருட்டில் முடிக்கிறார்கள். இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

உயரத்தில் டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். 12,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கீழே நன்றாக ஏறிய வண்டி மேலே முக்கும், லோ ரேஞ்சுக்கு மாற்றிவிடுங்கள். எரிபொருள் வழக்கத்தைவிட வேகமாகத் தீரும், முழு டேங்கோடு நுழையுங்கள். சிக்னல் இருக்காது, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவியோ ஐபோன் 14-ஓ அதற்குப் பிறகு வந்த ஐபோனோ ஒருவரிடமாவது இருக்கட்டும்.

9. எந்த வரிசையில் ஏறிப் போவது

மோவாபில் முதலில் ஆனியன் க்ரீக். ஓடையை மறுபடி மறுபடி கடக்கும், மற்றபடி எளிது. அடுத்து ஷேஃபர் டிரெயில். மேட்டிலிருந்து 1,500 அடி வளைந்து வளைந்து இறங்கும். தரை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உயரம் உங்களை என்ன செய்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். இறங்கும்போது லோ ரேஞ்ச் முதல் கியர், பிரேக்குக்கு ஓய்வு. பிறகு ஜெமினி பிரிட்ஜஸ். அதெல்லாம் நிம்மதியாகப் போனால் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ், அதற்கும் மேல்தான் ஹெல்ஸ் ரிவெஞ்ச்.

சான் வானில் லாஸ்ட் டாலர் ரோடு, உலர்ந்திருக்கும்போது மட்டும். பிறகு ஓஃபிர், சில்வர்டன் பக்கமிருந்து தொடங்குங்கள். அடுத்து 12,640 அடி சினமன் பாஸ். அதற்கப்புறம் லேக் சிட்டி பக்கமிருந்து எஞ்சினியர். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 65 மைல் ஆல்பைன் லூப். இமோஜீன் அதற்கடுத்த படி.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் புதிதாகக் கூட்டுங்கள். புது டிரெயில், புது டயர், புது ஆட்கள், மழை நாள் எல்லாம் ஒன்றாக வந்தால் எது தப்பானது என்றே தெரியாது.

10. அன்று காலையில் மறுபடி முடிவெடுங்கள்

முந்தின நாள் போட்ட திட்டம் அன்று காலை செல்லாமல் போகலாம். மோவாப் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் களிமண் கலந்த மண், காய்ந்திருந்தால் சிமென்ட் ரோடு போல இருக்கும், நனைந்தால் எந்த டயரும் பிடிக்காது. ஜூலை, ஆகஸ்டில் தூரத்தில் பெய்த மழைக்கு இங்கே வறண்ட ஓடையில் வெள்ளம் வரும். சான் வானில் அதே மாதங்களில் பிற்பகல் இடி மின்னல் வழக்கம், நண்பகலுக்குள் உச்சியிலிருந்து இறங்குகிற மாதிரிக் கிளம்புங்கள்.

டிரெயில் தொடக்கத்தில் காற்று இறக்கும்போதே எல்லாருக்கும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்குள் எந்த இடத்தை அடையவில்லையென்றால் திரும்புகிறோம் என்று. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "இவ்வளவு தூரம் வந்துட்டோம், இன்னும் கொஞ்சம்தானே" என்று யாராவது ஆரம்பிப்பார்.

சந்தேகமான இடம் வந்தால் நிறுத்தி, இறங்கி, நடந்து பாருங்கள். தடையின் மறுபக்கம் வரை நடக்க வேண்டும், ஏனென்றால் முதல் படிக்குப் பின்னால் இரண்டாவது பெரிய படி ஒளிந்திருக்கும். எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் என்று உங்களால் விரலால் காட்ட முடியவில்லையென்றால் திரும்பிவிடுங்கள். பாதையை விட்டு ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவது கூடாது. மோவாபில் மண்ணின்மேல் கருப்பாகப் படிந்திருக்கும் உயிர் மேலோடு ஒரு டயர் தடம் பட்டாலே அழியும், திரும்ப வளர பல வருஷங்கள் ஆகும், டிரெயில்களை மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

11. திரும்பி வந்ததும் அடியில் ஒருமுறை படுங்கள்

ஹைவேயில் ஏறுமுன் காற்று அடித்துவிட்டு, டார்ச்சோடு அடியில் பாருங்கள். புதுக் கீறல்கள் எங்கே இருக்கின்றன? ஹிட்ச்சில் மட்டும் என்றால் உங்கள் எல்லை பின்பக்கக் கோணம், அடுத்த டிரெயிலில் செங்குத்து இறக்கங்களைத் தவிருங்கள் அல்லது ஹிட்ச்சை மாற்றுங்கள். நடுவில் கீறல் என்றால் வீல்பேஸ் தடுக்கிறது, பாறைப் படி டிரெயில்கள் வேண்டாம். டிஃப்ரென்ஷியலில் என்றால் டயர் சிறியது அல்லது சக்கரத்தை விட்ட தடம் தப்பு. ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தால் அது வண்டியின் குறையில்லை, அந்தப் பக்கச் சக்கரம் எங்கே போகிறது என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. பேப்பர் தட்டுக்குத் திரும்புங்கள். எதுவுமே கீறவில்லை, யாரும் இறங்கி நடக்கவும் இல்லை என்றால் வரிசையில் அடுத்த டிரெயிலுக்குப் போகலாம்.